ஈரப்படலம்

ரெமிஜியுஸ் கடலடியில் படமெடுக்கப் போய்ப் பத்தொன்பது நாள் கழித்து, அவனுடைய கேமரா மட்டும் யாரோ ஒருவர் வலையில் வந்தது. நீர்புகா உறைக்குள் அது நனையாமல் இருந்தது. உறையின் கண்ணாடியில் உட்புறமாக லேசான ஈரப்படலம் வெயிலில் மறைந்து, நிழலில் மறுபடி படிந்தது. உறையை மூடுமுன் ரப்பர் வளையத்துத் தூசியை அவன் வாயால் ஊதுவான். “ஊதாதீங்க, மூச்சுல இருக்கிற ஈரம் உள்ள போகும்” என்று அவன் மனைவி பெனிட்டா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

“திறங்க மதினி, என்னென்ன எடுத்திருக்கான்னு பாப்போம்” என்றான் அவன் தம்பி அமலன்.

கொக்கியில் வைத்த விரலை அவள் எடுத்துவிட்டாள்.

“அண்ணன் வந்து ஏசினா நான் வாங்கிக்கிடுதேன். திறங்க.”

“உங்க அண்ணன் இனி வரமாட்டாரு, அமலா. அவரு மூச்சு இதுக்குள்ள மட்டுந்தான் இருக்கு.”