தூரத்துக்கு ஒரு லென்ஸ்

செங்கல்பட்டு மூர்த்தி ஸ்டூடியோவில், விற்பனைக்கு வந்த பழைய காமிராக்களை ஆபீஸ் ஃபைல் போலப் புரட்டிப் புரட்டிக் குறை கண்டுகொண்டிருந்தார் தலைமை எழுத்தர் வேதாசலம்.

"கல்யாணம் எடுக்கத்தானே சார்? இந்தச் சின்னது போதும். லென்ஸ் மாத்தற காமிரான்னா உங்க பட்ஜெட்டுக்குப் பேஜாரு," என்றான் மூர்த்தி.

"அதுதான் வேணும். தூரத்துல இருக்கறது கிட்ட தெரியணும்."

"எவ்ளோ தூரம்?"

"மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்லேர்ந்து குப்பத்துப் பந்தல் வரைக்கும். பெல்பாட்டம் போட்ட டூரிஸ்டுங்க நடுவுல நின்னா, நம்மள யாரும் கண்டுக்க மாட்டாங்க."

மூர்த்தி சிரித்தான். "இன்னா சார், திருடனாட்டம்? கல்யாண வூட்ல கேட்டா உள்ளயே உடுவாங்களே!"

"உடுவாங்க. ரெண்டு வாட்டி வந்து பத்திரிகை வெச்சாங்க."

"அப்பாலே இன்னா?"

வேதாசலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மீன் பிடிக்கிறவனைக் கட்டினா அவ என் பொண்ணே இல்லைன்னு நோட்டீஸ் அடிச்சு, ஆபீஸ் பூரா குடுத்துட்டேம்பா."

மூர்த்தியின் சிரிப்பு நின்றது. "நாலு எட்டு நடந்தா லென்ஸே வேணாமே சார்."

"நடக்கலாம்தான்," என்றார். மனசு பந்தல் வாசல்வரை போய், நோட்டீஸ் வாங்கிய முகங்களை நினைத்துத் திரும்பி வந்துவிட்டது.

"இருக்கறதுலயே நீளமான லென்ஸ் எது, மூர்த்தி?"