கணுக்கால் வரை

என் தம்பி மகன் ஸானிஸைப் புதைத்து மூன்று வருஷம் ஆனது. எங்கள் கிரேக்கத் தீவு பரோஸில் எல்லோரும் செய்வது போல, எலும்புகளைத் தோண்டி எடுத்து வீட்டு ஒயினில் கழுவினோம். ஒயினுக்குத் திராட்சை மிதித்து முடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

என் தம்பி யாக்கோவோஸ் சுவரோரமாக நின்றான். மூன்று வருஷத்துக்கு முன் மகன் குடித்துவிட்டுத் திராட்சை மிதிக்க வந்தபோது, "என் தொட்டியில உன் கால் படக்கூடாதுடா" என்று துரத்தியவன் அவன்தான். பையன் பைக்கில் கிளம்பி, துறைமுக வளைவில் செத்துப்போனான்.

மண்டை ஓடு வெளுப்பாக வந்தது. தம்பி மனைவி ஆர்கிரோ அதை முத்தமிட்டாள்.

"பயந்து செத்தேன் அண்ணி. கறுத்திருந்தா ஆத்மா அடங்கலைன்னு மறுபடி புதைக்கச் சொல்வாங்களே."

"வேலைக்கு டிமிக்கி குடுத்தே வெளுத்தவன்டி உன் பிள்ளை," என்றேன்.

அழுதுகொண்டே சிரித்தாள்.

பாத எலும்புகள் கடைசியாக வந்தன. கணுக்கால் வரை ஊதா நிறம். வெள்ளை ஒயின் ஊற்றி மூன்று தடவை தேய்த்தேன். போகவில்லை. விரலை முகர்ந்தேன். புதுத் திராட்சைச் சாறு.

"இது கறுப்பா அண்ணி? சொல்லுங்க."

எலும்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

யாக்கோவோஸ் வந்து மண்டியிட்டான்.

"இந்த வருஷம் நான் தனியாத்தான் மிதிச்சேன், அக்கா," என்றான். "ஒருத்தனுக்கு ரெண்டு நாள் வேலை. முதல் நாள் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுச்சு."

நான் மறுபடி துணியை நனைத்தேன்.

"தேய்க்காத அக்கா. அப்படியே பெட்டியில வை."

மூடுவதற்குள் குளவிகள் வந்துவிட்டன. மற்ற எலும்புகளை விட்டு, அந்தப் பாதங்களில் மட்டும் உட்கார்ந்தன.