விழுங்கிய தும்மல்

தும்மலை விழுங்குவது எப்படி என்று மனைவி காலையில் மூன்று முறை ஒத்திகை பார்த்துத்தான் அனுப்பியிருந்தாள். "நாக்கை மேலண்ணத்துல ஒட்டிக்குங்க. மூச்சு விடாதீங்க. மீறி வந்துச்சுன்னா இருமுற மாதிரி... வேணாம், இருமலும் ஆகாது."

ஆகாதுதான். வேலை கேட்டு வந்திருப்பது நோய் எதிர்ப்புச் சக்திக்கு மூலிகை மாத்திரை செய்யும் கம்பெனிக்கு. 'பதினெட்டு மூலிகை, சளி அண்டாது' என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 'ஆட்கள் இருவர் தேவை, நேரில் வரவும்' என்று மட்டும் விளம்பரம். எட்டு மாதமாக வீட்டிலிருக்கும் ஈர்க்குச்சிக்கு (உடம்பைப் பார்த்து மைத்துனர் வைத்த பெயர், தெருவே ஒத்துக்கொண்டது) நேற்றுப் பார்த்துத்தானா மறுபடி சளி பிடிக்க வேண்டும்?

காத்திருக்கும் அறையில் எதிரே ஒரு பயில்வான். ஆரோக்கியமே சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தார். நாற்காலிதான் பாவம், முனகியது.

"இந்த மாத்திரை சாப்பிடுறதுண்டா அண்ணே?"

"நான் சாப்பாடுதான் சாப்பிடுறது" என்றார் பயில்வான்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண்ணுக்கு மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. மேலாளர் திட்டியிருப்பார், அழுதிருக்கிறாள் என்று ஈர்க்குச்சி நினைத்துக்கொண்டார். அவள் டப்பாவைத் திறந்து இரண்டு மாத்திரையைக் கடலை மாதிரி வாயில் போட்டுக்கொண்டு, இருவரையும் ஒன்றாகவே உள்ளே அனுப்பினாள்.

மேலாளர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இருவரையும் சன்னலோரம் நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தார். மேசைமேல் புது மாத்திரைப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் முகப்பில் இரண்டு கட்டங்கள் காலி.

ஈர்க்குச்சி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினார். மூச்சை நிறுத்தினார். காதுக்குள் ரயில் ஓடியது. உள்ளே போன தும்மல், கூட்டாளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. மேசையிலிருந்த காகிதங்கள் பறந்தன. சன்னல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"மன்னிச்சுக்குங்க சார். தூசி."

"எத்தனை நாளா இந்தத் தூசி?"

இனிப் பொய் சொல்லிப் பயனில்லை. "வருஷத்துல பத்து மாசம் இப்படித்தான் சார்" என்று உண்மையைக் கொட்டிவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தார். வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் யோசனை.

"எங்க போறீங்க? உங்களுக்குத்தான் வேலை."

மேலாளர் பெட்டியின் காலிக் கட்டங்களைத் தொட்டுக் காட்டினார். "இது 'சாப்பிடும் முன்'. இதுல நீங்க. பக்கத்துல 'சாப்பிட்ட பின்'. அதுல அவரு. மாசாமாசம் புதுசாப் படம் எடுப்போம், மாசாமாசம் சம்பளம்."

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். "ஊழியருக்கு இலவசம். தினம் ரெண்டு கண்டிப்பாப் போடணும், கம்பெனி சட்டம்."

ஈர்க்குச்சி டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டு மாதம் கழித்துக் கிடைத்த வேலை, எட்டு நாளாவது நிலைக்க வேண்டாமா? "இதைப் போட்டா சளி போயிடுமே சார். அப்புறம் என் வேலை?"

வெளியே வரவேற்பு மேசைப் பக்கம் ஒரு தும்மல் கேட்டது. தொடர்ந்து இன்னொன்று. மேலாளர் அது ஓயும்வரை காத்திருந்தார்.

"பயப்படாதீங்க. அந்தப் பொண்ணு மூணு வருஷமாப் போட்டுக்கிட்டிருக்கு."