இரண்டணாக் கூலி

தங்கச் சுரங்க ஊரின் ஸ்கெலட்டன் கடைத்தெருவில் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. கடனுக்காக விற்கப்பட்ட அச்சு இயந்திரம் அச்சுக்கூடத்து வாசலில் நிற்கிறது. அதை ஏற்றிப்போக வந்த மாட்டுவண்டியை, ராத்திரி ஷிப்டு முடித்த இருவர் உடம்பெல்லாம் சுரங்கத்து மண்ணோடு மறித்து நிற்கிறார்கள். ஒருவன் முருகன் பேரில் கும்மி எழுதிய சம்பங்கி, மற்றவன் சிலுவைப் பாட்டு எழுதிய டேவிட். இங்கே அச்சான இருவர் புத்தகமும் விற்றுத் தீர்ந்து ஓராண்டாகிறது. அச்சுக்கூடக்காரர் தருவதாகப் பேசிய பணம் வரவில்லை. தாள் வாங்க அடகு வைத்த சம்பங்கி மனைவியின் கொலுசு சேட்டு கடையிலேயே கிடக்கிறது.

"இன்னா மொதலாளி, இதுவும் பூட்டா நாங்க யாரைக் கேக்கறது?" என்கிறான் டேவிட்.

அச்சுக்கூடக்காரர் துரைக்கண்ணுவுக்குக் காய்ச்சல். அந்த உடம்போடு தானே இயந்திரத்தை வண்டிப் பக்கம் தள்ளப் பார்க்கிறார். அது அவர் பக்கமாகச் சாய்கிறது. "நவுருங்க, கால்மேல உழுந்துடப் போவுது" என்று சம்பங்கி அவரை விலக்குகிறான். சுரங்கத்து ஷாப்டில் பாரம் நகர்த்திப் பழகிய கைகள். பலகை சாய்த்து, அடியில் உருளைக்கட்டை கொடுத்து, இருவருமாக இயந்திரத்தை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். வெளியூரான பூதிகோட்டை வண்டிக்காரன் அவர்களைக் கூலி வேலை கேட்டு நின்ற ஆட்கள் என்றெண்ணி ஆளுக்கு இரண்டணா கொடுக்கிறான்.

"நம்ம பொஸ்தகத்துக்கு வந்த மொத காசுடா" என்று டேவிட் களைத்துச் சிரிக்கிறான். சம்பங்கி தன் காசை வெகுநேரம் பார்க்கிறான். பிறகு அதைத் துரைக்கண்ணுவின் உள்ளங்கையில் வைக்கிறான்.

"கஞ்சி காய்ச்சிக் குடிங்க. கொலுசு இன்னும் கொஞ்ச நாளு அங்கியே இருக்கட்டும்."

டேவிடும் தன் காசை அதன்மேல் வைக்கிறான். வண்டி நகர்கிறது. நாலணாவும் உள்ளங்கைக்குள்ளேயே இருக்க, துரைக்கண்ணு அவர்கள் இருவரையும் பார்த்து இரு கைகளையும் கூப்புகிறார்.