பருந்து விரட்டத் தெரியாதவர்

"ஒரு பருந்தை விரட்ட வக்கில்லை, உனக்கெல்லாம் எதுக்குய்யா சம்பளம்?"

கோழிக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் விமான நிலையக் கூடமே திரும்பிப் பார்த்தது.

பின்னே? நாலு மணிக்குத் தலைநகரத்தில் அவருக்கு 'சுத்தமான கடை' விருது. அதற்கென்றே புதுச் சட்டை. கையில் கிரீடம் வைத்த சேவல் படம் போட்ட அவர் கடைப் பை. உள்ளே மனப்பாடம் பண்ணிய நன்றியுரை.

ஏற வேண்டிய விமானம் இறங்கும்போதே எஞ்சின் வாயில் பருந்து அடித்து, ரெண்டு தகடு வளைந்துவிட்டது. மாற்றுத் தகடு வேறு ஊரிலிருந்து வர வேண்டும். இவர் பயணம் மட்டுமா, அந்த விமானம் அடுத்துப் போகவேண்டிய மூணு ஊரும் அம்போ.

அந்த நேரம் பார்த்து, முதுகில் 'பறவைத் தடுப்பு' என்று எழுதிய சட்டையோடு ஒருத்தர் அந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொண்டார்.

"தூங்கிட்டியா, இல்லே பருந்து உனக்குச் சொந்தமா?"

கூட்டம் சிரித்தது. பறவைக்காரரோ, கோழிக்கடைக்காரர் கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பையில என்னய்யா பார்வை? வாயைத் திற."

போன் அடித்தது. மைத்துனன்.

"மாமா, ஏறியாச்சா?"

"எங்க மாப்ளே ஏறுறது? ஒரு பருந்து என் தலையில மண்ணள்ளிப் போட்டுடுச்சு. கடை எப்படி?"

"கழுவி விட்டாச்சு, பளபளன்னு கிடக்கு. கழிவையும் வழக்கமான இடத்துல வீசியாச்சு."

"சமத்து." போனை வைத்துவிட்டு மறுபடி பாய்ந்தார். "இத்தனை பேர் முன்னாடி மன்னிப்புக் கேளு."

"கேளு, கேளு" என்றது கூட்டம்.

"அண்ணே, தனியா ஒரு நிமிஷம் வாங்க" என்றார் பறவைக்காரர்.

"பார்த்தீங்களா, காலைப் பிடிக்கத் தனியாக் கூப்பிடுறான்." கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னாலேயே போனார்.

பக்கத்து அறைக் கதவைச் சாத்திய பறவைக்காரர், சட்டைப் பையிலிருந்து கசங்கிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். கோழிக்குடல் நாற்றம் குப்பென்று அடித்தது. நடுவில் கிரீடம் வைத்த சேவல்.

"ஓடுபாதையில கிடந்த பருந்தோட கால்ல சிக்கியிருந்துச்சு. நம்ம ஏர்போர்ட் மதிலோரம் மூட்டை மூட்டையா இதேதாண்ணே. அங்க வச்சு இதை எடுத்திருந்தா உங்களைப் பிச்சுப் போட்டிருப்பாங்க. அதான் வாயை மூடிக்கிட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"என்னண்ணே, மன்னிப்புக் கேட்டாச்சா?" கூட்டம் மொய்த்தது.

"ம்... கேட்டாச்சு" என்றார் கோழிக்கடைக்காரர், கையிலிருந்த பையைப் படம் தெரியாமல் மடித்துக்கொண்டே.

யார், யாரிடம் கேட்டது என்று மட்டும் சொல்லவில்லை.