நீல டிக்

மூன்றாவது பொன்னாடை தோளில் விழுந்தபோது சிறப்பு விருந்தினருக்கு வேர்த்துவிட்டது.

பின்னால் பேனர். 'மின்னணுத் தடயவியல்: வளர்ச்சியும் சவால்களும்.' கல்லூரித் தாளாளர் அதில் ஆள் உயரத்துக்குச் சிரித்தார். தடயவியலுக்கு ஓரத்தில் ஒரு பூதக்கண்ணாடி ஒதுக்கியிருந்தார்கள்.

தென்னகத்தின் டிஜிட்டல் சிங்கம் என்றாள் தொகுத்து வழங்கிய பெண்.

சிங்கம் குனிந்து கும்பிட்டது.

பிறகு அந்த வழக்கைச் சொன்னாள். எல்லா மேடையிலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

லைன்மேன் லூர்து கம்பத்தின் மேல் நின்றபடி துணை மின்நிலைய ஆபரேட்டரின் செல்லுக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறான். 'லைன்லதான் நிக்கேன் அண்ணாச்சி, சப்ளை போட்டுராதிய.' ஆபரேட்டர் சுடலைமுத்து சப்ளையைப் போட்டுவிடுகிறார். லூர்து கம்பத்திலேயே கருகிப்போகிறான். மெசேஜைப் பார்க்கவே இல்லை என்று சாதிக்கிறார் ஆபரேட்டர். பார்க்காமல் போட்டிருந்தால் கவனக்குறைவு. பார்த்துவிட்டுப் போட்டிருந்தால் கொலை. பார்த்தார் என்று அந்த மெசேஜில் விழுந்திருந்த நீல டிக்கைக் காட்டி நிரூபித்தவர் நம் சிறப்பு விருந்தினர்.

கைதட்டல் அடங்க நேரமானது.

அந்த டிக், அவர் போட்டது.

ஆபரேட்டரின் செல் ஆய்வுக்கு வந்ததும் சிக்னல் புகாத பையில் வைத்திருக்க வேண்டும். நகல் எடுத்து, நகலைத்தான் திறந்திருக்க வேண்டும். முதல் வகுப்பில் அவரே நடத்தும் பாடம். ஆனால் அன்றைக்கு டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். திரையில் ஏதாவது தெரிந்தால் எடுப்பாக இருக்கும் என்றார் கேமராக்காரர்.

கையுறை மாட்டிக்கொண்டு, மிகுந்த ஜாக்கிரதையோடு, அதுவரை திறக்காமலே கிடந்த லூர்துவின் மெசேஜைத் தொட்டுத் திறந்தார்.

அது எப்போது படிக்கப்பட்டது என்று கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்கெல்லாம் பதில் சொல்வது நிபுணருக்கு அழகில்லை.

மதியம், தட்டை ஏந்தி நின்றவரின் முன்னால் ஒருவர் வந்து கும்பிட்டார். ஜாமீனில் இருக்கும் சுடலைமுத்து. கருத்தரங்கு நோட்டீஸில் அவர் பெயரைப் பார்த்து வந்தாராம்.

சண்டைக்கு வரவில்லை. லூர்து வீட்டுக்குப் போய் அவன் மனைவி காலில் விழுந்துவிட்டுத்தான் வருவதாகச் சொன்னார். நாளைக்கு ஜட்ஜிடம் ஒத்துக்கொண்டுவிடப் போகிறாராம். எவ்வளவு யோசித்தாலும் அந்த மெசேஜைப் படித்த ஞாபகம் மட்டும் வர மாட்டேன் என்கிறதாம். தன் புத்தியை நம்புவதா, இவ்வளவு படித்தவரின் அறிக்கையை நம்புவதா என்றுதான் குழப்பம்.

"உங்க வாயால ஒரு வார்த்த கேட்டுட்டாப் போதும் சார். மிஷினு தப்பாச் சொல்லாதுல்லா?"

அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லாது."

அதில் பொய் எதுவும் இல்லை.

சுடலைமுத்துவின் முகம் தெளிந்தது. அப்ப நாந்தான் படிச்சிருக்கேன், என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். இன்னொரு முறை கும்பிட்டுவிட்டு நடந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, பஸ் போயிரும் சார் என்றார்.

கேட் தூரத்தில் இருந்தது. வெயிலில் மெதுவாகத்தான் போனார். கூப்பிட்டால் கேட்கும்.

அவர் வாயைத் திறந்தார்.

பாயசம் ஊற்றவா என்று கேட்டார் பரிமாறுகிறவர்.

கொஞ்சமா, என்றார்.