மேல்கணக்கு நட்சத்திரங்கள்

"ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது! மேல்கணக்குப் பீலி மேல்கணக்குக்குத்தான்!"

தலைவர் ரெங்கசாமி மேசையைத் தட்டினார். இலங்கை மலையகத்தில், ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல்பிரிவான மேல்கணக்குக்குத் தொழிற்சங்கத் தலைவரானதிலிருந்து, மனைவியிடம் உப்புக் கேட்பதென்றாலும் மேடைக் குரல்தான்.

இரண்டாயிரத்து நாலு. கீழ்ப்பிரிவில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலி வற்றிவிட்டது. மேலேயிருந்து ஒரு குழாய் இழுக்க அனுமதி கேட்டு வந்திருந்தான், கீழ்ப்பிரிவு ஜெயகுமார். பல்கலைக்கழகத்தில் வானியல் ஆராய்ச்சி செய்பவன்.

"புள்ளைகளுக்குக் குடிக்கக்கூட இல்லீங்க, தலைவரே. ரெண்டு கணக்கும் பக்கத்துப் பக்கத்துலதானே…"

"பக்கத்துல இருந்தா? ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல! ஒங்க ஆளு ஒருத்தன் எங்க லயத்து வீட்டுல படுத்து எந்திரிச்சதில்ல. ஆமா, நீ நட்சத்திரம் எண்ணுறியாமே? அதுக்கும் சம்பளம் குடுக்குறாங்களா?"

"எண்ணுறதில்லீங்க. தெக்கால வானத்துல ரெண்டு குட்டி நட்சத்திரக் கூட்டம் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஒரு காலத்துல ரெண்டும் நெருங்கி வந்து போயிருக்கு. அப்ப இதோட நட்சத்திரம் கொஞ்சம் அதுல தங்கிருச்சு. புதுசா பொறந்ததுகள பாத்தா ஒண்ணும் வெளங்காது. பழசுகள பாத்தாத்தான் எது எங்கேருந்து வந்துச்சுன்னு புடிக்கலாம்."

"அப்ப எங்க பழைய நட்சத்திரத்தையே கேட்டுருவோம்! யம்மா, இங்க வா!"

அடுப்படியிலிருந்து அவருடைய தாய் இராக்கம்மா வந்தாள். மேல்பிரிவிலேயே மூத்தவள்.

"கீழ்க்கணக்கு ஆளு எவனாச்சும் இங்க இருந்திருக்கானாம்மா? நல்லாச் சொல்லு, தம்பி கேக்கட்டும்."

கிழவியின் முகம் மலர்ந்தது. "இல்லாமயா? அப்பல்லாம் அவுங்க கரகம் மேல வரும், நம்ம காமன்கூத்து கீழ போவும். கீழ மண்ணு சரிஞ்ச வருசம் எல்லாரும் இங்கதான் கெடந்தாங்க. ஒரே பானையில கஞ்சி. மழ விட்டதும் போயிட்டாங்க. ஒரு பச்சப்புள்ள மட்டும் தங்கிருச்சு. பெத்தவங்க மண்ணுக்குள்ள போயிட்டாங்களே! வேலைக்குப் போறப்ப புள்ளைகள விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பராவுல போட்டு, கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க நாங்கதான் மாத்தி மாத்திப் பாலு குடுத்தோம்."

தலைவர் துள்ளி எழுந்தார்.

"அப்ப ஒருத்தன் இன்னும் நம்ம லயத்துல ஒளிஞ்சிருக்கான்! யாரும்மா அவன்? இன்னைக்கே மூட்டையக் கட்டிக் கீழ அனுப்பிர்றேன்!"

இராக்கம்மா மகனின் தலையை மெல்லத் தடவினாள்.

"எப்புடிடா அனுப்புறது? தலைவராக்கி வச்சிருக்காங்களே!"